ஹைபிரிட் காருக்கு ரோன் 97 தேவையா? மூடியைத் திறந்து பாருங்கள்

"டீச்சர், ஹைபிரிட் காருக்கு 97 தான் போடணுமாமே?"

படிவம் 4 வகுப்பில், வெப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி இது. கேட்ட மாணவனின் அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கிறார். வேலை கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில். போக வர நாளுக்கு 80 கிலோமீட்டர் ஆகிறது என்று, பழைய பிரியஸ் சி காரைப் பயன்படுத்திய காராக வாங்கியிருக்கிறார். விற்றவர், "இது ஹைபிரிட். 95 போட்டால் இஞ்சினும் போகும், பேட்டரியும் போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று மாதமாக அப்பா 97 மட்டுமே போடுகிறார்.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் 100 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி 95 திட்டத்தில் மைகார்டு காட்டினால் ரோன் 95 லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு. ஆக 199 வெள்ளி. ரோன் 97க்கு உதவித்தொகை கிடையாது. அதன் விலை வாரந்தோறும் மாறும். 3 வெள்ளி 20 காசு என்று வைத்துக்கொண்டால் 320 வெள்ளி. வித்தியாசம் 121 வெள்ளி. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது ஒரு பிள்ளையின் டியூஷன் கட்டணம்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த 121 வெள்ளியும் வீண்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை. அழுத்தத்தைத் தாங்கும் பொறுமையைச் சொல்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. அமுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்பு அடிக்கும்போது அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டிலும் தீப்பொறி வரும்வரை கலவை காத்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்குள் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தால், இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் 'டக் டக்' என்று கேட்கும். அதுதான் நாக்கிங். அது தொடர்ந்தால் பிஸ்டன் பாழாகும்.

இந்தப் பொறுமையை அளக்க 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் ஓர் அளவுகோல் கொடுத்தார். எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100. ரோன் 95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை தாங்கும் அளவுக்குத் தாங்கும் பெட்ரோல் என்று பொருள். படிவம் 5 வேதியியலில் ஐசோமர் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: ஐசோ-ஆக்டேனுக்கும் சாதாரண ஆக்டேனுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. ஆனால் கிளையில்லாமல் நீளமாக இருக்கும் சாதாரண ஆக்டேனின் எண் பூஜ்ஜியத்துக்கும் கீழே! அதே அணுக்கள்தாம், அடுக்கிய விதம் வேறு.

எண் கூடினால் சக்தியும் கூடும் என்று இன்னமும் நினைக்கிறீர்களா? புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டி டானோக் போய் வந்தவர்கள், அங்குள்ள நிலையங்களில் 'கேசோஹால்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலில் எத்தனால் கலந்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கு மேல் சான்று வேண்டுமா?

சரி, விற்றவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கலாம். பிரியஸ் சி இஞ்சினின் அமுக்க விகிதம் 13.4. சாதாரணக் கார்களில் இது 10, 11 என்றிருக்கும். அமுக்கம் கூடினால் உயர்ந்த ஆக்டேன் வேண்டும் என்பது சரியான விதி. அதனால் 13.4 என்றதும் 97 என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 1882இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சன் யோசித்த சுழற்சியின் இன்றைய வடிவம் இந்த இஞ்சின். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்வாங்கும் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியே போய்விடும். மிச்சம்தான் அமுக்கப்படுகிறது. ஆகவே உண்மையான அமுக்கம் 13.4ஐவிடக் குறைவு. விரிவடையும்போது மட்டும் முழு நீளத்துக்கும் விரியும். எரிபொருள் மிச்சமாவது அங்கேதான். இதனால் இஞ்சினின் இழுவை சற்றுக் குறையும். மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் அந்தக் குறையை மின்மோட்டார் தோள் கொடுத்து ஈடுகட்டுகிறது. வழக்கமாக நாக்கிங் வரும் நேரமும் அதுதான்.

இதே கார் ஜப்பானில் 'அக்குவா' என்ற பெயரில் ஓடுகிறது. அங்கே அதற்குப் போடுவது 'ரெகுலர்' எனப்படும் சாதாரணப் பெட்ரோல். அந்நாட்டுத் தரப்படி ரெகுலருக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 89 போதும். நம் 95 அதைவிட உயர்ந்தது! (யூடியூப்பில் அமெரிக்கர்கள் 87 என்று சொன்னால் பயப்பட வேண்டாம். அவர்கள் இரண்டு சோதனை முறைகளின் சராசரியை எழுதுகிறார்கள். நம் கணக்கில் அது 91, 92 அளவுக்கு வரும்.)

"97 சுத்தமானது டீச்சர்" என்றாள் இன்னொருத்தி. 2020 ஜனவரி முதல் நம் ரோன் 95உம் யூரோ 4எம் தரத்தில்தான் வருகிறது. கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கைத் தாண்டக்கூடாது. ஆக, சுத்தத்துக்காக 97 தேடிப்போக வேண்டியதில்லை.

அதற்காக எல்லா ஹைபிரிட்டுக்கும் 95 போதும் என்று நான் சொல்லவில்லை. நம் கூலிமில் உள்ள இனோகோம் ஆலையில் பிஎம்டபிள்யூவின் பிளக்-இன் ஹைபிரிட் கார்களும் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றின் இஞ்சினில் டர்போ உண்டு. டர்போ காற்றைத் திணித்து அனுப்பும். அமுக்கமும் சூடும் வேறு கணக்கு. டர்போ இஞ்சின்கள் சிலவற்றுக்குத் தயாரிப்பாளரே உயர்ந்த எண்ணைப் பரிந்துரைக்கிறார். அங்கே 95 போட்டால், நாக்கிங்கை உணரும் கருவி தீப்பொறியைத் தாமதப்படுத்தி இஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் இழுவை குறையும், எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். ஆக 'ஹைபிரிட்' என்ற சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த இஞ்சின் என்பதுதான் கேள்வி. பதில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும் கையேட்டிலும் இருக்கிறது. மாமா சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பேட்டரி? அதற்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தமே இல்லை. பிரியஸ் சியில் பெரிய பேட்டரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. இருக்கையின் ஓரத்தில் உள்ள சிறு துளை வழியாகக் காற்றை இழுத்துத்தான் அது சூடு தணிக்கிறது. அந்த வழி அடைத்தால் பேட்டரி சூடேறும், ஆயுள் குறையும். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் தினமும் ஓடும் கார் என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும் என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்ததும் கையேட்டின் பக்கத்தை எழுதிக்கொண்டு வந்து காட்டினான். 97 என்ற எண்ணே அதில் இல்லை. அப்பா 95க்கு மாறிவிட்டாராம். "அந்தத் துளையையும் திறந்து பார்த்தோம், டீச்சர்" என்றான். ஒரு கைப்பிடிச் செம்மண் தூசியோடு அவன் தங்கையின் தலைமுடி ரப்பர் ஒன்றும் வந்ததாம்.