முற்றத்தைக் காப்பாற்றினீர்கள், குழாயை ஏன் விட்டீர்கள்?

காவிரிக்கரை ஊர் ஒன்றில் நூறு வருடம் கடந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். எங்களோடு கட்டடக்கலை படிக்கும் தோழர்கள் நான்கு பேர் வந்தார்கள். வீடு இப்போது விருந்தினர் விடுதி. உரிமையாளர் அன்பாகத்தான் வரவேற்றார். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கடுக்காய் ஊறவைத்த பழைய பக்குவத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அறைக்கு அறை ஏசி. அதன் செம்புக் குழாய் கண்ணில் படாதபடி சுவரை வெட்டிப் புதைத்து, மேலே பழையபடியே பூசியிருந்தார்கள்.

"தூணுக்கெல்லாம் காரைக்குடியிலிருந்து ஆசாரி வருவார். வருஷா வருஷம் பார்த்துட்டுப் போவார்" என்றார்.

எங்களில் ஒருவர் கேட்டார்: "கழிவுநீர் எங்கே சார் போகுது?"

"அதெல்லாம் தாத்தா காலத்து லைன். கொல்லை வழியாப் பின் சந்துக்குப் போயிடும். அடைச்சுக்கிட்டா ஆள் இருக்கான், வந்து எடுத்துடுவான்."

ஆசாரி வருவார். ஆள் வருவான். தூணைப் பார்ப்பவருக்கு 'ர்', குழாயைப் பார்ப்பவனுக்கு 'ன்'. தோழர்களே, இந்த ஓர் எழுத்து வித்தியாசத்துக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

அந்தப் பின் சந்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மயிலாப்பூரோ, கும்பகோணமோ, ஸ்ரீரங்கமோ, பழைய தெருக்களில் வீடு முன்தெருவில் தொடங்கிக் கொல்லையில் முடியும். கொல்லைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ். அதன் பின்சுவரில் தரையோடு ஒட்டி ஒரு சின்னத் திறப்பு. அந்தத் திறப்புக்கு வெளியே சந்து. விடிவதற்கு முன்னால் நம் பாட்டிகள் கூடையும் தகரமுமாக அந்தச் சந்தில் நடந்தார்கள். திறப்பு வழியாகக் கையை விட்டு அள்ளினார்கள். வீட்டுக்காரர் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் சந்தே போடப்பட்டது. முன்வாசல் கோலத்துக்கு, பின்வாசல் மலத்துக்கு. வீட்டின் வரைபடத்திலேயே சாதி இருந்தது.

பிறகு தண்ணீர் ஊற்றும் கழிப்பறை வந்தது, குழாய் வந்தது. குழாய் எந்த வழியில் போனது? அதே கொல்லை, அதே சந்து. நம் பாட்டிகள் நடந்த பாதையில் குழாய் படுத்தது. இனி மனிதன் வேண்டாம் என்பதுதான் குழாயின் பொருள். ஆனால் குழாய்க்கும் வயதாகும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குழாய் உடைந்த அன்றைக்கு, குழாய் வருவதற்கு முன்னால் யாரைக் கூப்பிட்டார்களோ அவர் பேரனையே மறுபடி கூப்பிடுகிறார்கள்.

பழைய குழாய் எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொள்வோம். தெரிந்தால்தான் சண்டை போட முடியும். அந்தக் காலத்தில் மண்ணுக்குள் பதித்தது பெரும்பாலும் களிமண்ணைச் சுட்டு மெருகேற்றிய ஸ்டோன்வேர் குழாய். குட்டையான துண்டுகள். இணைப்புக்கு இணைப்பு சணல் திரியைத் திணித்துச் சிமெண்ட் பூசியிருப்பார்கள். குழாய் நூறு வருடம் தாங்கும், அந்தப் பூச்சு தாங்காது. மண் இறங்கும்போது இணைப்பு வாய் பிளக்கும். கசியும் ஈரத்தைத் தேடி மரங்களின் மயிர்வேர் உள்ளே நுழைந்து சடை சடையாக வளரும். சுவரில் இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயோ உள்பக்கம் துருவேறித் துளை குறுகும். இன்னும் பழைய வீடுகளில் முற்றத்து மழைநீருக்காகச் செங்கல்லில் கட்டிய சலதாரையிலேயே கழிப்பறையையும் சேர்த்துவிட்டிருப்பார்கள். மழைத்தண்ணீர் ஓடக் கட்டியதில் மலம் ஓடுமா?

இதன் மேல் புதுப் பாரம். ஒரு குடும்பத்துக்குப் போட்ட குழாயில் இன்று பத்து அறை விருந்தாளிகளின் கழிவு இறங்குகிறது. சமையலறை எண்ணெய் உறைகிறது. நாப்கினும் ஈரத்துடைப்பான்களும் வேரில் மாட்டுகின்றன. போதாக்குறைக்கு, கொல்லையில் புதிதாக அறை எடுத்தபோது சேம்பர் மூடியின் மேலேயே தரை போட்டுவிட்டார்கள். சேம்பர் திறக்காவிட்டால் கேமராவை விட முடியாது, ஜெட் ராடிங் இயந்திரத்தின் குழலையும் விட முடியாது. மிஞ்சுவது ஒரே கருவி: மூங்கில் பிளாச்சைப் பிடித்த கை. பிளாச்சு எட்டாத இடத்தில் உடம்பு.

அடைபட்ட குழாயின் பின்னால் தேங்கும் கழிவில் காற்று இருக்காது. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். காற்றைவிடக் கனமான அந்த வாயு குழியின் அடியிலேயே கிடக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழிவைக் கிளறியதும் குபீரென்று வெளிவரும். சில மூச்சில் மயக்கம். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சாவது இதனால்தான்.

2024 ஜூன் மாதம் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு கழிப்பறை வழியாக வீடுகளுக்குள் வந்தது. மூன்று பெண்கள் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் பள்ளி மாணவி. நம் நெஞ்சு பதறியது. அன்று எல்லோரும் குழாயைப் பற்றிக் கேட்டார்கள். இணைப்பு சரியா, வாயு ஏன் மேலே ஏறியது என்று கேட்டார்கள். சரியான கேள்விகள். ஆனால் அதே வாயு கீழே இறங்கியவரைக் கொல்லும்போது யாரும் குழாயைப் பற்றிக் கேட்பதில்லை. 'குடிச்சிருந்தானா?' என்று கேட்கிறார்கள். 'யார் இறங்கச் சொன்னது?' என்று கேட்கிறார்கள். மேலே இருப்பவர் செத்தால் குழாயின் குற்றம், கீழே இருப்பவர் செத்தால் அவர் குற்றம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993இல் ஒன்று, அது போதாமல் 2013இல் இன்னொன்று. 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த நிறுவனமும். நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. 'எந்த நபரும்' என்ற சொல்லுக்குள் அந்தத் தேக்குத்தூண் வீட்டுக்காரரும் இருக்கிறார். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம் அது. 'கான்ட்ராக்டர்தான் கூட்டிட்டு வந்தார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உச்ச நீதிமன்றம் 2014இல் ஒவ்வொரு சாக்கடை மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்தப் பணத்தை வாங்கித் தருவதற்கே குடும்பத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறோம். ஆனால் அது செத்த பிறகு வரும் பணம். சாகாமல் இருக்கச் செலவழிக்க வேண்டிய பணத்தைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன.

முதல் பதில்: 'பழைய தரையை உடைத்தால் மரபு போய்விடும்.' ஏசிக்குச் சுவரை வெட்டியபோது போகாத மரபா? ஒயரிங்குக்குக் கூடத்தைத் தோண்டியபோது போகாத மரபா? உண்மையில் எல்லா இடத்திலும் உடைக்கவே வேண்டியதில்லை. கேமரா விட்டு எங்கே பழுது என்று பார்க்கலாம். உள்ளே நொறுங்காத குழாயென்றால் பிசினில் ஊறிய உறையை நுழைத்து இறுகவைத்துப் புதுக் குழாயாக்கலாம். நொறுங்கிய இடத்தை மட்டும் தோண்டிப் பிவிசி குழாய் பதிக்கலாம். திருப்பத்துக்குத் திருப்பம், மேலிருந்தே திறந்து சுத்தம் செய்யும்படி சேம்பர் வைக்கலாம். கடுக்காய்ப் பக்குவத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைத் தேடத் தெரியாதா?

இரண்டாவது பதில்: 'செலவு.' எல்லாப் பழைய வீட்டுக்காரரும் பணக்காரர் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். பென்ஷனில் வாழும் முதியவர், பங்காளி வழக்கில் சிக்கிய வீடு, பத்துக் குடித்தனம் இருக்கும் ஒண்டுக் குடித்தன வளவு எல்லாம் இருக்கின்றன. அவர்களுக்கு அரசு கடனும் மானியமும் கொடுக்கட்டும், நாமும் சேர்ந்து கேட்போம். ஆனால் அறை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர் செலவைப் பேசக் கூடாது. அவர் கையில் பணம் இருக்கிறது. குழாயைவிட மனிதன் மலிவாகக் கிடைப்பதால்தான் குழாய் மாறவில்லை. அந்த மலிவுக்குப் பெயர் சாதி.

மூன்றாவது பதில்: 'அவங்களே வந்து செய்யறேன்னு சொல்றாங்க.' ஆமாம், வருகிறார்கள். வேறு வேலைக்குப் போனால் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்பன் வேலையைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிற சமூகத்தில், கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒரே வேலை இதுதான். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்தது என்று அம்பேத்கர் விளக்கினார். ஒரே வீட்டுக்கு வரும் ஆசாரியும் 'ஆளும்' இரண்டு வாசல் வழியாக வருவதைப் பார்த்தால் அது புரியும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. மகிழ்ச்சி. மரபுக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாடு சட்டமும் இயற்றியிருக்கிறது. எங்கள் கோரிக்கை எளியது. எந்தப் பழைய வீட்டுக்கும் மரபுச் சான்றோ, புதுப்பிக்க மானியமோ, விடுதி உரிமமோ கொடுப்பதற்கு முன் அதன் கழிவுநீர்க் குழாயைக் கேமரா விட்டுப் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். மனிதன் இறங்காமல் சுத்தம் செய்ய முடியாத வீட்டுக்குச் சான்று இல்லை. மூடிய சேம்பர்களைத் திறக்க வேண்டும். சந்துக்குள் ஓடும் பழைய பொதுக் குழாயை நகராட்சி மாற்ற வேண்டும். லாரி நுழையாத சந்துக்குச் சிறிய இயந்திரம் வாங்க வேண்டும். அந்த இயந்திரத்தை இயக்கும் நிரந்தர வேலை, இத்தனை காலம் இறங்கியவர்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்பது இது. மரபு வீடுகளை அளந்து வரைபடம் போட உங்களை அனுப்புவார்கள். தூணையும் உத்தரத்தையும் வரையுங்கள். அதோடு நிறுத்தாமல் கொல்லைக்குப் போங்கள். குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சேம்பர் எங்கே, கடைசியாக யார் அடைப்பு எடுத்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்று கேட்டு அதே வரைபடத்தில் குறியுங்கள். பின்சுவரில் அடைத்துப் பூசிய அந்தச் சின்னத் திறப்பின் தடம் தெரிந்தால் அதையும் வரையுங்கள். அதுவும் அந்த வீட்டின் மரபுதான்.

அன்று நாங்கள் கிளம்பும்போது உரிமையாளர் விருந்தினர் புத்தகத்தை நீட்டினார். 'முற்றம் அழகாக இருக்கிறது. குழாயை மாற்றுங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் முன்வாசல் வழியாகவே வெளியே வந்தோம்.

ஜெய் பீம்.