திரையில் உழுத நிலம்

2008இல் சுவிட்சர்லாந்தின் ஜயன்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபார்மிங் சிமுலேட்டர்’ கணினி விளையாட்டில் உழவும் அறுவடையும் விரல்நுனியில் முடிந்துவிடும். அதன் ஆர்வலர்களோ ஜெர்மனியில் ‘ஃபார்ம்கான்’ என்னும் சந்திப்புக்குப் பயணம் செய்து நேரில் கூடியிருக்கிறார்கள்.

விளையாட்டுப் பித்தர்கள் என்று நகைக்கிறோம். நகைக்கும் தகுதி நமக்குண்டா, சகோதரர்களே? இணையத்தில் பழகியவரைக் காண அவர்கள் ஊர்விட்டு ஊர் செல்கிறார்கள். நாமோ அடுத்த தெருவில் நோயுற்றுக் கிடக்கும் மாமிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு துஆவை அனுப்பிவிட்டு, உறவைப் பேணிவிட்டதாக எண்ணுகிறோம்! கடல்கடந்து பிழைப்போருக்கு அது போதலாம். நமக்கு அது சாக்கு.

திரையில் உழுத நிலம் ஒரு பிடி நெல்லும் தராது. திரையோடு நின்றுவிடும் உறவு மறுமைக்கு என்ன விளைச்சல் தரும்? இன்று அஸர் தொழுததும் பிள்ளைகளுடன் சென்று அந்தக் கதவைத் தட்டுங்கள். அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் நல்குவானாக.