டர்போ: விலை வேறு, அடக்க விலை வேறு

பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பான் எஞ்சின்களிலிருந்து கழற்றி வந்த டர்போக்களைக் கண்டால் நமது வாலிபர்களுக்கு ஆசை வந்துவிடுகிறது. வேலைக்கும் பிள்ளையின் பாடசாலைக்கும் ஓடும் கார்தான்; ஆனாலும் இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமாம். ஆசையை நான் குறை சொல்லவில்லை. கணக்கைத்தான் கேட்கிறேன். 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அதுவும் பெரும் வரியோடு. இருக்கும் எஞ்சினைக் கெடுத்துக்கொண்டால் இன்னொரு கார் இலேசில் வராது.

கடைக்காரர் சொல்வது கொள்முதல் விலை மட்டுமே. கேஸ்கட், ஒயில் குழாய், கராஜ் கூலி என்று அடக்க விலை ஏறிக்கொண்டே போகும். காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். அதற்குப் பழைய இன்ஜெக்டர் போதாமற் போகலாம். எஞ்சின் கம்பியூட்டரையும் டியூன் செய்தாக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் பிஸ்டன் உருகவும் கூடும். 92 ஒக்டேன் அடித்தவர் 95க்கு மாற நேரிடும், ஒவ்வொரு முறையும்.

பெரிய டர்போ சுழன்றெழ நேரமெடுக்கும். காலி வீதி நெரிசலில் அதற்கு ஏது வேலை? அதே எஞ்சினின் உயர்ரக மாடலுக்குக் கம்பனியே போட்ட டர்போதான் சிக்கனமான வழி. சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்போர் எஸ்டிஐ டர்போ தேடுவது இதனால்தான்.

வாங்குமுன் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை அசைவு பரவாயில்லை. முன்னும் பின்னும் அசைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அச்சு அது. ஒயில் தடைப்பட்டால் நிற்காது. பழைய ஒயில் குழாயை பாஸ் திரும்பப் பூட்ட விடாதீர்கள்.