தாழ்த்துவதில் என்ன இன்பம்?

மின்கார் வாங்கிய மறுவாரமே சுருள்வில்லை மாற்றி வண்டியைத் தரையோடு தாழ்த்தும் மோகம் சிலரைப் பிடித்துள்ளது. வேண்டாத வேலை! மின்கலத் தொகுதி அடித்தளத்திலேயே கிடப்பதால் பாரமையம் முன்னரே தாழ்ந்திருக்கிறது. மேலும் தாழ்த்தினால், சில்லு மேலெழ இடமின்றிப் பள்ளந்தோறும் நமது முதுகெலும்புதான் நோகும்.

வளைவிலே களிப்புத் தருவது பாரக்குறைவே. 2013இல் வந்த பீ.எம்.டபிள்யூ ஐ3, கரிநார் உடலின் துணையால் ஏறத்தாழ 1,200 கிலோவுடன் அமைந்தது. பின்சில்லுகளே அதனை உந்தின. ஒடுங்கிய டயர்கள்தாம் அதன் குறை. 2017இல் அறிவிக்கப்பட்ட ஐ3எஸ் வகையில் தயாரிப்பாளர் தாழ்த்தியது வெறும் 10 மில்லிமீற்றர், சில்லுகளின் இடையகலத்தையோ 40 மில்லிமீற்றர் கூட்டினர், டயரையும் அகலமாக்கினர். அந்த அளவறிவு நம் திருத்துநர் பலரிடம் இல்லை.

உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. ஆயினும், இரண்டு தொன் புதுவண்டிக்கு விலையுயர்ந்த வில் பூட்டுவதிலும் பழைய ஐ3எஸ் ஒன்றையே நான் தெரிவுசெய்வேன்.