கிருமிக்கு வர்க்கமில்லையா?

கொள்ளை நோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற பேதமில்லை என்பர். கிருமிக்கு இல்லாதிருக்கலாம், லயத்துக்கு உண்டு.

2020 மார்ச்சில் நாடு ஊரடங்கில் முடங்கியபோதும் தேயிலைத் தோட்டங்கள் இயங்கின. கொழுந்து கொய்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். கருவுற்றோரும் அவர்களுள் அடங்குவர். கருவுற்றவளைக் கொரோனா கடுமையாகத் தாக்கும். குறைமாதப் பிரசவத்துக்கும் வழிகோலும். இடைவெளி பேணுக என்றனர் அறிஞர். மூன்று தலைமுறை உறங்கும் ஒற்றைக் காம்பராவில் இடைவெளி ஏது? பொதுக் குழாயடியில் தனிமை ஏது? வேலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளமில்லை எனில் ஓய்வுதான் ஏது?

2021 மே மாதத்தில் இலங்கையின் முதற் கொரோனாத் தாய்மரணம் பதிவாயிற்று. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி ஜூனிலேயே தொடங்கிற்று. அடுத்த தொற்று வருமுன், தனிவீடும், அரசு பொறுப்பேற்ற தோட்ட வைத்தியசாலையும், கர்ப்பிணிக்குச் சம்பளத்துடனான தொற்றுக்கால விடுமுறையும் வேண்டும். இவை சலுகைகளல்ல, இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தாய்மாருக்குத் தீர்க்கப்படாத கடன்.