பசளை வேண்டும், கழிவை எங்கே கொட்டுவார்கள்?

பசளை வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்ல நாம். 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென நிறுத்தியபோது கொழுந்து குறைந்தது. தராசடியில் அதன் பலனை அனுபவித்தது தோட்டத்துப் பெண்கள். ஆகவே எப்பாவல பொஸ்பேற்றில் உள்நாட்டிலேயே பசளை செய்யலாம் என்ற பேச்சை எதிர்க்க நமக்கு மனம் வராது. ஆனால் கழிவைப் பற்றிக் கேட்காமல் இருக்கவும் முடியாது.

எப்பாவலப் பாறையை அரைத்துத் தூளாகவே தேயிலைக்குப் போடுகிறோம். புளிப்பு மண்ணில் அது மெல்லக் கரையும். நெல்லுக்கு அது போதாது. நீரில் கரையும் உயர்ரகப் பசளைக்குப் பாறையைச் சல்பூரிக் அமிலத்தில் கரைத்துப் பொஸ்போரிக் அமிலம் எடுக்கிறார்கள். ஒரு தொன் அமிலத்துக்கு ஏறத்தாழ 5 தொன் பொஸ்போஜிப்சம் மிஞ்சும். அமிலமும் புளோரைட்டும் ஊறிய, சிறிதளவு ரேடியமும் கலந்த அந்தக் கழிவை மலையாகக் குவித்து வைப்பதே உலக வழக்கம்.

1990களில் அமெரிக்கக் கம்பனி ஒன்றுடன் அரசு பேசிய திட்டத்தில், தோண்டுவது எப்பாவலயில், அமில ஆலை திருகோணமலையில். எப்பாவல மக்கள் 7 பேர் வழக்குப் போட்டார்கள். முழுமையான ஆய்வும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அங்கீகாரமும் இல்லாமல் ஒப்பந்தம் கூடாதென 2000 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று திருகோணமலையும் சேர்ந்தே தப்பியது.

தோப்பூர் வயல்காரரும் கொட்டியாரக் குடா மீனவரும் நமக்கு என்ன உறவு என்று சிலர் கேட்பார்கள். நம் மலையில் பிறக்கும் மகாவலி கடலில் சேர்வது அந்தக் குடாவில்தான். (நம் தோட்டத்துப் பசளையும் மருந்தும் கழுவுண்டு போவதும் அந்த வழியேதான், அதையும் ஒப்புக்கொள்வோம்.)

அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பசளைக் கம்பனி 2001இல் வங்குரோத்தானது. கழிவுக் குவியல் அப்படியே கிடந்தது. 20 ஆண்டு கழித்து, 2021இல், அதன் மேலிருந்த குளம் கசிந்து உடையும் நிலைக்கு வர, ஏறத்தாழ 80 கோடி லீற்றர் நீரை டம்பா குடாவில் திறந்துவிட்டார்கள். ஆலை மூடினாலும் கழிவு மூடாது.

தனிச் சுப்பர் பொஸ்பேற்று செய்தால் ஜிப்சம் பசளைக்குள்ளேயே தங்கிவிடும், மலை எழாது. முதலில் அந்த வழியைப் பார்க்கட்டும். அமில ஆலைதான் என்றால், கழிவு எங்கே, அடியில் என்ன விரிப்பு, கம்பனி போன பின் யார் காவல், யார் செலவு என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். சுற்றாடல் அறிக்கைக்கு மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அறிக்கை தமிழில் தோப்பூருக்கு வந்து சேர்ந்த பிறகே அந்த நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும்.