ரசம் போன கண்ணாடி

பழைய வீடுகளின் கூடத்தில் தேக்குச் சட்டமிட்ட பெரிய நிலைக்கண்ணாடியை நம்மில் பலர் கண்டிருப்போம். செட்டிநாட்டு மாளிகைகளில் பெல்ஜியம் கண்ணாடிகள் இன்றும் சுவர்களை அணிசெய்கின்றன. இத்தகைய கண்ணாடியில் புள்ளி விழுந்துவிட்டால், ‘ரசம் போய்விட்டது’ என்று பழைய சாமான் வியாபாரியிடம் தள்ளிவிடுகிறோம். அல்லது பின்புறத்தைச் சுரண்டிப் புதிதாக ரசம் பூசக் கொடுக்கிறோம். இரண்டிலும் அவசரம் ஆகாது.

‘ரசம்’ என்னும் சொல்லிலேயே ஒரு வரலாறு அடங்கியுள்ளது. 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் மெல்லிய வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசத்தைப் பரப்பி, அதன்மீது கண்ணாடியைப் பதித்தே நிலைக்கண்ணாடிகள் செய்தனர். வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவு இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம் 1684இல் முடிவுற்றபோது, அதில் பதித்த 357 கண்ணாடிகளும் இம்முறையில் ஆனவையே. அந்த ஒளிக்குத் தொழிலாளர் கொடுத்த விலை பெரிது. பாதரச ஆவியை நாள்தோறும் சுவாசித்துக் கைகால் நடுங்கி நலிந்தோர் பலர். 1835இல் லீபிக் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர், கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பாதரசம் விலகி, வெள்ளி அதன் இடத்தைப் பிடித்தது. நம் பேச்சில் மட்டும் ரசம் நிலைத்துவிட்டது.

ஆகவே, நம் வீட்டுக் கண்ணாடி எவ்வகை என முதலில் அறிவது நன்று. பின்புறத்தில் வண்ணப்பூச்சு இருப்பின் பெரும்பாலும் அது வெள்ளி. பூச்சின்றிச் சாம்பல் நிற உலோகமாக மின்னினால் பாதரசமாக இருக்கலாம். அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அடிச்சட்டத்தில் வெள்ளி மணிகள் போலத் துளிகள் திரண்டிருந்தால், பிள்ளைகளை அருகில் விடாமல், கையால் தொடாமல், துடைப்பத்தால் பெருக்காமல், விவரம் அறிந்தவரை நாடுவோமாக.

எவ்வகைக் கண்ணாடிக்கும் ஈரமே பகை. ஓதமேறிய சுவரிலும் குளியலறையிலும் வெயில் நேராக விழும் இடத்திலும் அதை மாட்டலாகாது. ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் மாட்டினால் இருண்ட கூடமும் வெளிச்சம் பெறும். நீரைத் தெளித்துக் கழுவினால் ஓரத்தில் கசிந்து பூச்சை அரிக்கும். உலர்ந்த மெல்லிய துணியே போதும். கனமான கண்ணாடியைப் பழைய கயிற்றில் தொங்கவிடாமல், சுவரில் பதித்த உறுதியான கொக்கிகளில் மாட்டி, அடியிலும் தாங்கி வைப்போம்.

தலை சீவவும் முகம் பார்க்கவும் புதுக் கண்ணாடி ஒன்றை எளிதில் வாங்கிக்கொள்ளலாம். பாட்டியார் கூந்தல் முடித்த கண்ணாடி எக்கடையிலும் கிடைக்காது. நாலைந்து புள்ளிகளுடன் அது கூடத்திலேயே இருக்கட்டும்.